பரீஸாத் ஏறிய மலை

‘ஆயிரத்தோர் இரவுகள்’ என்னும் கதைக் கோவையை அறியாத இல்லம் நம்மிடையே அரிது. எழுத்தறியாத உம்மும்மாமார்கூட அலாவுத்தீனின் விளக்கையும் அலிபாபாவின் குகையையும் சொல்லிப் பேரப்பிள்ளைகளை உறங்கவைத்திருக்கிறார்கள். கிஸ்ஸா என்ற அரபுச் சொல்லையே தமிழில் ஓர் இலக்கிய வகைக்குப் பெயராக அமைத்துக்கொண்ட சமுதாயத்தில் இது வியப்பன்று. ஆனால், அந்நூல் ஒரு சகோதரியின் வேண்டுகோளோடு தொடங்குகிறது என்பதையும், அதனை மேலை நாட்டில் முதன்முதல் அச்சேற்றிய பதிப்பு மற்றொரு சகோதரியின் வீரத்தோடு முடிகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்விரு சகோதரியரையும், அவர்களின் கதை நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும் ஈண்டுக் காண்போம்.

துன்யாஸாதின் வேண்டுகோள்

நாளுக்கொரு மங்கையை மணந்து, விடியலில் கொல்வித்த மன்னன் ஷஹ்ரியார். அவனைத் தடுத்து நிறுத்தத் துணிந்தவள் அமைச்சர் மகள் ஷஹ்ரஸாத். இது யாவரும் அறிந்தது. அவளுடைய திட்டம் முழுவதும் தங்கை துன்யாஸாதை நம்பியே நின்றது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மணவறையில் தங்கையும் இருத்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து, “உறங்காவிடில் ஒரு கதை சொல்” என்று அவள் கேட்டல் வேண்டும். அந்த ஒரு கேள்வி இல்லையேல் கதை இல்லை. கதை இல்லையேல் ஷஹ்ரஸாதின் உயிரும் இல்லை. கொலைக் களமாகிவிட்ட அந்த அறைக்குள் தானே விரும்பிச் சென்று, இரவுதோறும் விழித்திருந்தவள் அத்தங்கை.

இந்தத் துன்யாஸாதின் வரலாறு சுவையானது. ஹிஜ்ரி 377-இல், அதாவது கி.பி. 987-இல், பக்தாதின் நூல் வணிகரான இப்னு நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலில் இக்கதைக் கோவையைக் குறிப்பிடுகிறார். அங்கே ஷஹ்ரஸாதுக்குத் துணைநின்ற பெண் தங்கையல்லள். மன்னனின் அரண்மனையை நிருவகித்த பணிப்பெண். பின்னாளில் எழுந்த சுவடிகளிலோ அவள் உடன்பிறந்தவளாகவே காட்சி தருகிறாள். கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்த மக்கள், இத்தகைய துணையை ஒரு பணிப்பெண்ணிடம் எதிர்பார்ப்பதைவிட உடன்பிறந்தாளிடம் எதிர்பார்ப்பதே இயல்பு என்று கருதினர் போலும்!

இதற்கும் முந்திய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில், 2023 வரை கீழைநாட்டு ஆய்வுக் கழகம் என்று வழங்கிய நிறுவனத்தில் ஒரு பழந்தாள் துண்டு இருக்கிறது. நபியா அபட் என்ற பெண் அறிஞர் 1949-இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். கதை எழுதப்பட்டிருந்த அத்தாள் பயனற்றுப் போனபின், ஒருவர் அதன் வெற்றிடங்களில் பத்திர வாசகங்களை எழுதிப் பழகியிருக்கிறார், அவர் இட்ட நாள் ஹிஜ்ரி 266, ஸஃபர் மாதம், கி.பி. 879. அந்தக் கிழிந்த தாளில் எஞ்சி நிற்பதும் இதே காட்சிதான்: ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் கதை சொல்லுமாறு வேண்டுகிறாள். ஆயிரத்து நூறாண்டுகளைக் கடந்து நமக்குக் கிடைத்திருப்பது மன்னனின் சீற்றமன்று. ஒரு தோழமையின் குரலே.

மூன்று அரும்பொருள்கள்

இனி, நூலின் மறுகோடியிலுள்ள சகோதரியைக் காண்போம். அவள் பெயர் பரீஸாத். பாரசீக மொழியில் ‘பரீ ஈன்ற மகள்’ என்பது பொருள்.

பாரசீக மன்னன் குஸ்ரூ ஷா மாறுவேடத்தில் நகர்வலம் வருகையில் மூன்று சகோதரியர் பேசிக்கொள்வதைக் கேட்கிறான். அரசனின் ரொட்டிக்காரனை மணக்க மூத்தவள் விரும்புகிறாள். சமையற்காரனை மணக்க அடுத்தவள் விரும்புகிறாள். இளையவளோ அரசனையே மணக்க விழைகிறாள். மூவரின் விருப்பமும் நிறைவேறுகிறது. ஆனால் தாங்களே கேட்டுப் பெற்ற வாழ்வில் மூத்தவர் இருவருக்கும் மனநிறைவில்லை. தங்கையின் உயர்வு அவர்கள் கண்ணை உறுத்துகிறது. பேறுகாலத்தில் உடனிருக்கும் உரிமையைக் கேட்டுப் பெற்று, பிறந்த குழந்தையைக் கூடையிலிட்டு நீரில் விட்டுவிடுகின்றனர். அரசி ஈன்றது நாய் என்றும், அடுத்த முறை பூனை என்றும், மூன்றாம் முறை மரக்கட்டை என்றும் மன்னனிடம் கூறுகின்றனர். மன்னனும் நம்புகிறான். அரசி பள்ளிவாசல் வாயிலருகே ஒரு மரக்கூண்டில் அடைக்கப்படுகிறாள்.

நீரில் மிதந்து வந்த பஹ்மன், பர்வேஸ், பரீஸாத் என்னும் மூன்று குழந்தைகளையும் அரண்மனைத் தோட்டங்களின் மேற்பார்வையாளர் எடுத்து வளர்க்கிறார். கதையில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இது. தமையன்மாருக்குக் கற்பித்த ஆசிரியர்களிடமே பரீஸாதும் கற்கிறாள். வரலாறு, கவிதை, இசை ஆகியவற்றோடு குதிரையேற்றமும் வேலெறிதலும் அவளுக்குப் பயிற்றப்படுகின்றன. கதாசிரியர் இதனைப் போகிற போக்கில் கூறவில்லை. பின்னர் வரும் மலையேற்றத்துக்கு இங்கேயே கடைகால் இடப்படுகிறது.

வளர்த்த தந்தை மறைந்தபின், தொழுவதற்கு இடம் கேட்டு ஒரு முதிய பெண்மணி வருகிறாள். தொழுகை முடிந்து, வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிப் பார்த்துப் புகழ்ந்துவிட்டு, “இங்கே மூன்று பொருள்கள்தாம் குறை” என்கிறாள். பேசும் பறவை, பாடும் மரம், பொன்னிற நீர் ஆகியவையே அவை. இருபது நாள் பயணத் தொலைவில் அவை உள்ளன என்று வழியையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

அன்றுவரை எதுவும் குறையாதிருந்த வீட்டில் குறை புகுந்துவிட்டது. பரீஸாதுக்கு உணவு செல்லவில்லை. தங்கையின் வாட்டம் காணப் பொறாத பஹ்மன் புறப்படுகிறான். ஒரு கத்தியை அவளிடம் கொடுத்து, “இது ஒளியோடிருக்கும்வரை நான் உயிரோடிருக்கிறேன், இதில் குருதி கண்டால் எனக்காக துஆச் செய்” என்கிறான். இருபதாம் நாள் கத்தியில் குருதி துளிக்கிறது. அடுத்து பர்வேஸ் புறப்படுகிறான். அவன் விட்டுச் செல்வது நூறு முத்துகள் கோத்த தஸ்பீஹ் மாலை. நாள்தோறும் அவள் அதனை உருட்டிப் பார்க்கிறாள். ஒருநாள் மணிகள் நகர மறுக்கின்றன.

இங்கே கதை ஒரு பெண்ணின் உள்ளத்தைத் தயவின்றிச் சோதிக்கிறது. தமையன்மாரைக் கொன்றது பகைவன் அல்லன், அவளுடைய ஆசை. விலக்கப்பட்ட பொருளையோ பிறர் உடைமையையோ அவள் விரும்பினாளில்லை. ஆனால் போதும் என்ற மனத்தை ஒரு சொல் கலைத்துவிட்டது. அதன் விலையாக இரு உயிர்கள் போயின. தன் பிழையை உணர்ந்த பரீஸாத் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. மறுநாளே ஆடவர் உடை அணிந்து குதிரையேறுகிறாள்.

செவியில் அடைத்த பஞ்சு

வழியில் ஒரு முதிய தர்வேஷ் அமர்ந்திருக்கிறார். பேராசைப்பட்டு வந்த எத்தனையோ பேரைத் தடுத்துப் பார்த்துச் சலித்தவர் அவர். மலையின் இருமருங்கும் கருங்கற்கள் கிடக்கும். அவை யாவும் முன்னே சென்ற மனிதர்கள். ஏறத் தொடங்கியதும் பின்னாலிருந்து குரல்கள் எழும். ஏசும், மிரட்டும், எள்ளி நகையாடும். திரும்பிப் பார்த்தவன் அக்கணமே கல்லாகிவிடுவான். இதுவே அம்மலையின் நியதி.

பஹ்மன் ஏன் கல்லானான்? சூழ்ந்து எழுந்த கூச்சலில் அவன் கால்கள் நடுங்கின, தப்பிக்கத் திரும்பினான். பர்வேஸ் ஏன் கல்லானான்? அவன் அஞ்சவில்லை; முதுகுக்குப் பின்னால் ஒருவன் இழித்துரைத்ததைப் பொறாமல் வாளை உருவிக்கொண்டு திரும்பினான். ஒருவனை அச்சம் வீழ்த்தியது. மற்றவனை மானம் வீழ்த்தியது. இருவரும் வீரர்களே. எனினும் அம்மலையில் வாளுக்கு வேலை இல்லை.

பரீஸாத் தர்வேஷிடம் ஒரு கேள்வி கேட்கிறாள்: “குரல்களைத் தவிர வேறு இடையூறு உண்டா?” இல்லை என்கிறார் அவர். “அவ்வாறாயின் செவியில் பஞ்சை அடைத்துக்கொள்கிறேன்” என்கிறாள். இதுவரை வந்தவர்களில் எவரும் இந்த எளிய வழியை எண்ணவில்லை என்று தர்வேஷ் வியக்கிறார்.

பஞ்சு அடைத்ததால் குரல்கள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. உயரே செல்லச் செல்ல அவை அவள் செவியிலும் விழுகின்றன. பெண்மையைச் சுட்டும் இழிசொற்களும் வருகின்றன. அவளோ நகைத்துக்கொண்டே ஏறுகிறாள். தன் உறுதியைப் பற்றி அவள் பெருமை பேசிக்கொள்ளவில்லை. தன் வலுக்குறைவை முன்கூட்டியே அறிந்து அதற்குக் காப்புச் செய்துகொண்டாள். தமையன்மார் செய்யத் தவறியது இதுவே.

உச்சியில் கூண்டிலிருந்த பறவை அவள் வசமாகிறது. பொன்னிற நீரும், பாடும் மரத்தின் கிளையும் கிடைக்கின்றன. ஆசைப்பட்ட மூன்றும் கையில் இருக்கின்றன. ஆயினும் அவள் உடனே கேட்பது, “என் சகோதரர்களை மீட்பது எப்படி?” என்பதே. பறவை கூறிய வண்ணம் நீரைத் தெளித்தபடி இறங்குகிறாள். ஒவ்வொரு கல்லும் மனிதனாகவும் குதிரையாகவும் எழுகிறது. தன் தமையன்மார் கிடந்த கற்களைத் தேடிப் பிடித்துத் தெளித்துவிட்டு மற்றவற்றை அவள் கடந்து போகவில்லை. கிடந்த அத்தனை கற்களுக்கும் நீர் கிடைத்தது. எழுந்த வீரர்கள் அனைவரும் வழிவிட்டு நிற்க, அணிவகுப்பின் தலைமையில் அவளே வீடு திரும்புகிறாள்.

பறவையின் சாட்சியம்

வேட்டையில் சந்தித்த இளைஞர்கள் தன் மக்கள் என அறியாமலே குஸ்ரூ ஷா அவர்கள் வீட்டுக்கு விருந்தினனாக வருகிறான். பறவையின் அறிவுரைப்படி பரீஸாத் வெள்ளரிக்காயில் முத்துகளை அடைத்துப் படைக்கிறாள். “வெள்ளரியில் முத்தா? இதனை உண்பது எவ்வாறு?” என்று மன்னன் திகைக்கிறான். அப்போது பறவை கேட்கிறது: கண்ணெதிரே இருக்கும் இதனை நம்ப இயலாத தாங்கள், அரசி நாயையும் பூனையையும் மரக்கட்டையையும் ஈன்றாள் என்பதை மட்டும் எவ்வாறு நம்பினீர்கள்?

நூலின் உயிர்நாடியான கேள்வி இது. மன்னன் தலைகுனிகிறான். உண்மை வெளிப்படுகிறது. பொறாமையுற்ற சகோதரியர் தண்டனை பெறுகின்றனர். மன்னன் தானே சென்று அரசியிடம் மன்னிப்புக் கோருகிறான்.

இக்கதையில் சகோதரியர் இருவகையினர் உளர். ஒரு கருப்பையில் பிறந்தும் தங்கையின் குழந்தைகளை நீரில் விட்டவர்கள் ஒரு வகை; கல்லாய்ப் போன உடன்பிறப்புக்காக மலையேறியவள் மறுவகை. உடன்பிறப்பு என்னும் உறவு தானாகவே அன்பாகிவிடாது என்பதைக் கதை மறைக்கவில்லை. கூடையிலிட்டு நீரில் விடப்பட்ட குழந்தை என்றதும் மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வராமற்போகாது. அங்கும் ஒரு சகோதரி உண்டு. ஆற்றில் மிதந்த தம்பியைக் கரையோரமாகத் தொடர்ந்து, பிறர் ஐயுறா வண்ணம் தொலைவிலிருந்து நோக்கி, அவரைத் தாயின் மடிக்கே மீட்டுச் சேர்த்த பெண்மணியைத் திருமறையின் ‘கஸஸ்’ அத்தியாயம் நமக்குக் காட்டுகிறது. கதை வேறு, மறை வேறு. அவற்றை ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. எனினும் மறையை ஓதி வளர்ந்த இல்லங்களில் பரீஸாதின் கதை ஏன் இத்தனை எளிதாக இடம்பிடித்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கதையைச் சொன்னவர் யார்?

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான், சிரியாவிலிருந்து கிடைத்த அரபுச் சுவடியைக் கொண்டு 1704 முதல் ‘ஆயிரத்தோர் இரவுகள்’ நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அச்சுவடியில் ஏறத்தாழ 280 இரவுகளே இருந்தன. வாசகர்கள் மேலும் கேட்டனர். கலானிடமோ கதைகள் தீர்ந்துபோயின. அந்நிலையில் 1709-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் ஓர் இளைஞரை அவர் சந்தித்தார். ஹலப் நகரைச் சேர்ந்த அவர் பெயர் ஹன்னா தியாப், மரோனியக் கிறிஸ்தவர். போல் லூக்கா என்ற பிரெஞ்சுப் பயணிக்கு மொழிபெயர்ப்பாளராக எகிப்து, தூனிஸ், இத்தாலி வழியே பாரிஸ் வந்து சேர்ந்தவர். அப்போது அவருக்கு அகவை இருபதையொட்டி இருக்கும்.

அந்த ஆண்டின் மே, ஜூன் மாதங்களில் அவர் கலானுக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட கதைகளைச் சொன்னார். கலான் அவற்றின் சுருக்கத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அலாவுத்தீன், அலிபாபா, பரீஸாத் ஆகிய மூவரும் நமக்குக் கிடைத்தது அந்த இளைஞரின் நாவிலிருந்தே. கலானுக்கு முந்திய அரபுச் சுவடி எதிலும் பரீஸாதின் கதை இதுவரை காணப்படவில்லை. 1715-இல் கலான் மறைந்தபின், 1717-இல் வெளிவந்த பன்னிரண்டாம் தொகுதியின் இறுதிக் கதையாக அது இடம்பெற்றது. அச்சிட்ட தொகுதிகளில் ஹன்னாவின் பெயர் எங்கும் இல்லை.

அரச நூலகத்தில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஹன்னாவுக்கு ஊட்டப்பட்டிருந்தது. அது நிறைவேறவில்லை. 1710-இல் ஹலபுக்குத் திரும்பி, துணிக்கடை வைத்துப் பிழைத்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, முதுமையில், 1764-ஐ ஒட்டித் தம் பயண வரலாற்றை அரபியில் எழுதினார். ‘ஆயிரத்தோர் இரவுகள்’ நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவருக்குத் தாம் கதைகள் சொல்லி உதவியதை அதில் குறிப்பிடுகிறார்; அம்முதியவரின் பெயரை அவரும் எழுதவில்லை! முதல் ஏடுகள் இழந்து, எழுதியவர் பெயரறியாச் சுவடியாக வத்திக்கான் நூலகத்தில் அது கிடந்தது. 1993-இல் ழெரோம் லாந்தன் என்ற அறிஞரே அது ஹன்னா தியாபின் கைப்பட எழுந்தது என்று அடையாளம் கண்டார். 2015-இல் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், 2021-இல் அரபு மூலத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. மலைச்சரிவில் கல்லாய்க் கிடந்தவரின் மீது பொன்னிற நீர் விழ ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின!

இதனால் கதையை ஹன்னாவே புனைந்தார் என்று கொள்வதற்கில்லை. வெனிசு நகரில் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்த்ரபரோலா வெளியிட்ட தொகுப்பில் இதன் உடன்பிறப்பான கதை உண்டு. அங்கும் கல்லாகிவிட்ட சகோதரர்களைச் சகோதரியே மீட்கிறாள். 1698-இல் மதாம் தோல்னுவா என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இதே கருவைக் கையாண்டார். கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும், 1831-இல் ருஷ்யக் கவிஞர் புஷ்கின் இயற்றிய ‘சார் சல்தான்’ கதையிலும் இதன் சாயல் தெளிவாகத் தெரிகிறது. மத்தியதரைக் கடலின் துறைமுகங்களில் சரக்கோடு சரக்காகக் கதைகளும் கைமாறின. அவற்றுக்கு ஒரே தாய்நாடு கேட்பது பொருந்தாது.

பள்ளிவாசல் வாயிலில்

இக்கதையில் நம் உள்ளத்தை உறுத்தும் காட்சி ஒன்று உண்டு. அதனை மூடி மறைத்தல் முறையன்று. பள்ளிவாசல் வாயிலில் கூண்டிலடைபட்ட அரசியின் முகத்தில், தொழ வரும் ஒவ்வொரு முஸ்லிமும் உமிழ வேண்டும் என்று மன்னன் ஆணையிடுகிறான். இதைப் படித்த மேனாட்டு வாசகர் பலர் இதுவே முஸ்லிம்களின் வழக்கம் என்று எண்ணியிருத்தல் கூடும். ஒருவர் முகத்தில் அடிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். செய்தி கொணர்பவன் நம்பத்தகாதவனாயின் தீர விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தின் கட்டளை. குஸ்ரூ ஷா இவ்விரண்டையும் மீறினான். ஒரு பெண்ணின் மீது வந்த பழியை விசாரிக்கவில்லை. அவளை ஒரு சொல் பேசவும் விடவில்லை.

ஆனால் கதை மன்னனின் பக்கம் நிற்கவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். முத்தும் வெள்ளரியும் காட்டிப் பறவை கேட்பது இதே கேள்வியைத்தான். ஒரு கிறிஸ்தவ இளைஞர் சொல்லி, ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய கதையாயினும், விசாரியாமல் நம்புவோனை அது மன்னிக்கவில்லை. பொய்யைப் பரப்பிய நாவையும், அதற்குச் செவிகொடுத்த அரியணையையும் ஒருசேரக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

இந்த இடம் நமக்கு வெறும் கதையாக முடிந்துவிடுவதில்லை. ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றி யாரோ ஒருவர் சொன்ன சொல் தெருவெங்கும் பரவி, அவள் மணவாழ்வையே குலைத்துவிடுவதை நாம் கண்டதில்லையா? அத்தகைய வேளைகளில் அவளுடைய உடன்பிறந்தார் என்ன செய்கின்றனர்? ஒருவர் பஹ்மனைப் போல ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி ஒதுங்குகிறார். மற்றவர் பர்வேஸைப் போல வாய்ச்சண்டைக்குப் போய்ப் பழியைப் பெரிதாக்குகிறார். ஏசுவோரின் குரலுக்குச் செவியை அடைத்துக்கொண்டு, ஆகவேண்டிய காரியத்தை மட்டும் நோக்கி நடக்கும் ஒரு சகோதரி வாய்த்த குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. அவளுக்கும் கல்வி வேண்டும். தமையன்மாருக்குக் கற்பித்ததை மறுக்காமல் அவளுக்கும் கற்பித்த ஒரு தந்தை வேண்டும். பரீஸாதின் மலையேற்றம் அந்தத் தோட்டக்காரர் வீட்டுப் பாடசாலையில்தான் தொடங்கியது.

ஆகவே இன்றிரவு நம் பிள்ளைகள் கதை கேட்டால் அலாவுத்தீனோடு நிறுத்திவிடாமல் பரீஸாதின் கதையையும் சொல்வோம். தஸ்பீஹ் மணிகள் நின்றுபோன இடத்தில் அவர்கள் கண் கலங்குவார்கள். பஞ்சை அடைத்துக்கொள்ளும் இடத்தில் சிரிப்பார்கள். முடிவில், இதனைப் பாரிஸில் ஒரு முதியவருக்குச் சொன்னவர் ஹலப் நகரத்து ஹன்னா தியாப் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்வோம். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.